கை நனைக்காத சம்பந்தி

சாப்பிடுங்க தம்பி, நான் பாக்குறேன்னு கூச்சப்படாதீக. டயரு மாத்தி வண்டி கிளம்ப நேரமாகும். கண்டக்டர் அஞ்சு நிமிசம்னு சொல்றாரு, ஜாக்கியே இன்னும் கீழ இறங்கல. இந்தக் கணவாய்க் காத்துக்குப் பொட்டலம் பறந்துரும், ஓரத்துல முழங்கையை வச்சுக்கங்க. புளிச்சோறா? வீட்டுல கட்டுனதுதான். கடைல கட்டுனா மடிப்பு வேற மாதிரி இருக்கும்.

தப்பா நினைக்காதீக. யாரு சாப்பிட்டாலும் என் கண்ணு அங்கதான் போகும். தொழில் அப்படி. உசிலம்பட்டில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தவமணி மெஸ்ஸுன்னு கேட்டா யாரும் காட்டுவாக. தவமணி என் சம்சாரம். என் பேரு குருநாதன். கல்லாவுல உக்காந்தபடியே, எந்திரிச்சுப் போற ஆளோட இலையைப் பாத்து அவன் மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லிருவேன். பொரியலை ஓரமாத் தள்ளி வச்சிருந்தா வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்கான். சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு அப்படியே விட்டிருந்தா நடுவுல போன் வந்திருக்கு, நல்ல சேதி இல்லை. சிரிக்காதீக, மெய்யாலுமே சொல்றேன். இலை விசயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது.

அப்படிப்பட்ட என்னையவே ஒரு ஆளு ஒரு வருசமா சுத்தல்ல விட்டாரு. என் சம்பந்தி. என் மகளைக் கட்டின மாப்பிள்ளையோட அப்பா. வீரபத்திரன்னு பேரு. அவரைப் பாக்கத்தான் இப்பப் போறேன். தேனில ஆஸ்பத்திரியில கெடக்காரு. என்னை வா வான்னு கூப்பிடுறாக. எதுக்குக் கூப்பிடுறாகங்கிறதுதான் எனக்கு இடிக்குது.

உங்க பக்கம் எப்படியோ. எங்க பக்கம் பொண்ணு பாக்கப் போன வீட்டுல கை நனைக்க மாட்டாக. பலகாரம் வச்சா தொட்டுட்டு வச்சுருவாக, அம்புட்டுத்தான். ரெண்டு பக்கமும் சம்மதம்னு ஆனபிறகுதான் இலை போட்டு உக்காருவாக. கை நனைச்சா உறவு ஆயிருச்சு. சரி, உறவு வேண்டாம்னு ஒருத்தர் நினைச்சா என்ன பண்ணுவாரு? கை நனைக்கிறதை நிறுத்திருவாரு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. எதிராளி புரிஞ்சுக்கணும்.

நிச்சயதார்த்தத்துக்கு வந்தப்ப அந்த ஆளு சாப்பிட்ட சாப்பாடு இப்பவும் என் கண்ணுல நிக்குது தம்பி. கறிக்குழம்புக்கு மறுசோறு வாங்குனாரு. ரசத்தை உள்ளங்கையில ஊத்தச் சொல்லி உறிஞ்சிக் குடிச்சாரு. எந்திரிக்கும்போது இலையைத் தன் பக்கமா மடிச்சாரு. தன் பக்கம் மடிச்சா இந்த உறவு நிக்கணும்னு அர்த்தம். நான் தவமணிகிட்ட அன்னைக்கே சொன்னேன், நம்ம பொண்ணு நல்ல வீட்டுக்குத்தான் போறான்னு.

சின்னமனூர் வாழைக்காய் மண்டில ஏலம் விடுறவரு அவரு. குரல்னா அது குரல். ரோட்டோட போறவன்கூட நின்னு, நமக்கு ஒரு தாரு வேணுமோன்னு யோசிப்பான். சம்சாரம் போய் வருசமாச்சு. வீட்டுல அவரு, மாப்பிள்ளை செழியன், என் மக மங்கையர்க்கரசி. நாங்க அரசின்னு கூப்பிடுவோம். ஒரே பொண்ணு தம்பி.

கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்கு வந்தாக. வந்தவருக்கு நானே செம்புல தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மடக்குத்தான் குடிச்சாரு, புரை ஏறுச்சு. பாவம்னு உச்சந்தலையில தட்டி, யாரோ நினைக்கிறாக சம்பந்தின்னேன். சிரிச்சுக்கிட்டே செம்பைக் கீழ வச்சாரு. வச்சதுதான், அப்புறம் எடுக்கல. எங்க ஊர்த் தண்ணி கொஞ்சம் சப்புன்னு இருக்கும், ஒத்துக்குறேன். அதுக்காக செம்பைத் தள்ளியா வைக்கிறது? சரி, முல்லையாத்துத் தண்ணி குடிச்சு வளந்தவரு, போகட்டும்னு விட்டேன். ஆனா மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

அடுத்து ஆடி விருந்து. பொண்ணு மாப்பிள்ளையோட இவரையும் வருந்தி வருந்திக் கூப்பிட்டேன். வந்தவரு நேரா பந்தியில கடைசி மூலையில போய் உக்காந்துட்டாரு. மாப்பிள்ளையோட அப்பா உக்காருற இடமா அது? நான் கல்லாவுல உக்காந்துருக்குற மாதிரி ஒரு சேரைப் போட்டு எதுக்கவே உக்காந்துட்டேன். ஒவ்வொரு வாயாப் பாத்தேன். பந்தியே எந்திரிச்சுப் போயிருச்சு, இவரு முதல் சோத்துலயே நிக்காரு. மென்னுக்கிட்டே இருக்காரு. ஒரு பக்கக் கன்னம் உப்பியே இருக்கு. முழுங்கும்போது தாடையை நெஞ்சுல கொண்டுபோய் முட்டவச்சு, குனிஞ்சு குனிஞ்சு முழுங்குறாரு. துக்க வீட்டுல உக்காந்து சாப்பிடுற மாதிரி இருந்துச்சு. என் சம்சாரம் வச்ச குழம்பு தம்பி, மதுரைல இருந்து கார் போட்டு வந்து சாப்பிடுறாக.

எந்திரிச்சதும் இலையைப் போய்ப் பாத்தேன். ரசம் ஊத்துன சோறு அப்படியே இருக்கு. அப்பளம் ஒடையல. மோரைத் தொடல. ஆனா பாயசம் இருந்த இடம் வழிச்சு எடுத்த மாதிரி சுத்தம். ஜவ்வரிசி பாயசம், நல்லா கெட்டியா வச்சிருந்தா தவமணி. இப்பச் சொல்லுங்க, பாயசம் இறங்குற தொண்டையில ரசம் இறங்காதா? தண்ணியா இருக்குறதுதானே லேசா இறங்கணும்? எனக்கு அங்கதான் முதல்ல பொறி தட்டுச்சு. இது வேணும்னே செய்யறதுன்னு.

அதோட விட்டா பரவாயில்லை. சாப்பிட்டு முடிச்சு மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுறாரு, குரலு கொழகொழன்னு இருக்கு. தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி. ஏலம் விட்ட குரலா இது? தொண்டையைச் செருமிச் செருமிப் பாக்குறாரு, தெளியல. வார்த்தையும் லேசா இழுக்குது. நான் பக்கத்துல போய் மோந்து பாத்தேன் தம்பி, வாசனை ஒண்ணும் வரல. இருந்தாலும் வர்ற வழியில போட்டுட்டு ஏலக்காயை மென்னுருப்பாருன்னு நினைச்சேன். தவமணி சொன்னா, மூஞ்சி வாடியிருக்கு, ஆளு எளைச்சிருக்காரு, உடம்புக்கு என்னன்னு கேளுங்கன்னு. அவ அப்படித்தான், எல்லாரையும் நம்புவா.

எனக்கு வேற ஒண்ணும் ஓடுச்சு. சொன்னா சிரிப்பீக. புரை ஏறுனா யாரோ நினைக்கிறாகன்னுதானே சொல்லுவோம். இந்த ஆளுக்குத் தண்ணி குடிச்சா புரை, காபி குடிச்சா புரை, எச்சி முழுங்குனா புரை. பொண்டாட்டியும் இல்லை. பின்ன யாரு இம்புட்டு நினைக்கிறது? மண்டிக்குத் தாரு கொண்டு வர்ற பொம்பளையாளுக நிறைய. அங்க ஏதும் தொடுப்பு இருக்குமோன்னு, சின்னமனூர்ல எனக்குத் தெரிஞ்ச பலசரக்குக்காரர் ஒருத்தர்கிட்ட விசாரிச்சேன். அப்படி ஒண்ணும் இல்லைன்னாரு. ஆனா இன்னொரு சேதி சொன்னாரு. இப்பெல்லாம் வீரபத்திரன் ஏலத்துல பாதியிலேயே வேற ஆளைக் கூவச் சொல்லிட்டு ஓரமாப் போய் இருமுறாரு, மாசம் தவறாம நெஞ்சுச் சளி, காய்ச்சல்னு படுத்துக்கிறாருன்னு.

இருமல், காய்ச்சல், எளைப்பு. காசநோயை மறைச்சுக் கல்யாணத்தை முடிச்சுட்டாகளோ? என் பொண்ணு அந்த வீட்டுல சோறு பொங்கித் திங்கிறா.

தீபாவளிக்குச் சீரு கொண்டு போற சாக்குல போனேன். மத்தியானம் எங்களுக்கெல்லாம் கூடத்துல இலை போட்டாக. சம்பந்தி உக்காரல. எனக்குப் பசியில்ல, நீங்க சாப்பிடுங்கன்னு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு. கொஞ்ச நேரத்துல அரசி ஒரு கிண்ணத்துல என்னமோ எடுத்து, மேல தட்டை வச்சு மூடி, அந்தக் கதவைத் தட்டி உள்ள கொண்டு போறா. வரும்போது கதவைத் திரும்பச் சாத்திட்டு வர்றா. பசியில்லாத ஆளுக்கு எதுக்குக் கிண்ணம்? மூடி எதுக்கு? நான் கை கழுவப் போற மாதிரி அடுப்படிக்குப் போய்ப் பாத்தேன். சோத்தை மிக்ஸில அடிச்சு, பருப்பைக் கடைஞ்சு ஊத்தி, களி மாதிரி வச்சிருக்கா. பக்கத்துல வாழைப்பழத்தை மசிச்சு வச்சிருக்கா. பச்சப்புள்ளைக்கு ஊட்டுற சாப்பாடு. அந்த வீட்டுல புள்ளையும் இல்லை.

அரசியைப் பின்னாடி கூப்பிட்டுப் போய்க் கேட்டேன். முதல்ல ஒண்ணுமில்லப்பான்னா. விடல. அப்புறம் சொல்றா, மாமாவுக்குச் சோறு இறங்க மாட்டேங்குதுப்பா, நாலு பேரு முன்னாடி சாப்பிட வெக்கப்படுறாருன்னு. மண்டில தெரிஞ்சா குரலு போச்சுன்னு ஏலத்துல இருந்து எடுத்துருவாக, யாருக்கும் சொல்லாதன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்காராம். டாக்டர்கிட்ட வர மாட்டேங்கிறாராம். போனா புத்துநோய்னு சொல்லிருவாகளோன்னு பயமாம். மகனுக்கே தெரியாதாம்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன் தம்பி. "நீ வைக்கிற களி இறங்குது, உங்காத்தா வச்ச பாயசம் இறங்குது. நான் கொடுத்த தண்ணி மட்டும் எப்படிம்மா இறங்காமப் போகும்?"

அது எனக்குத் தெரியாதுப்பான்னா. எப்படித் தெரியும்? சொல்லிக் கொடுத்ததைத்தானே சொல்றா. எனக்கு அப்பவே விளங்கிருச்சு. இந்த ஆளு என் பொண்ணைக் கையில போட்டுக்கிட்டு என் வீட்டுச் சோத்தைத் தள்ளி வைக்கிறாரு. மெஸ்ஸுக்காரன் வீட்டுல பொண்ணு எடுத்தது கௌரவக் குறைச்சல்னு சொந்தக்காரன் எவனோ காதுல ஓதியிருக்கான்.

தை மாசம் மெஸ்ஸுக்கு மாடி கட்டிப் பால் காய்ச்சுனோம். எங்க ஆளுக, மாமன் மச்சான், பூராப் பேரும் வந்திருந்தாக. இந்தத் தடவை மூலைக்கு விடல. கையைப் பிடிச்சுக் கொண்டாந்து நடுப்பந்தியில உக்கார வச்சேன். நானே பரிமாறுனேன். வேண்டாம் சம்பந்தி, போதும் சம்பந்திங்கிறாரு. விருந்தாளி போதும்பாரு, வீட்டுக்காரன் இன்னொரு கரண்டி வைப்பான், இதுதானே மொறை? இன்னொரு கரண்டி வச்சேன். ரசத்தைக் கையில ஊத்துறேன் ஏந்துங்கன்னேன். ஏந்துனாரு. குடிச்சாரு. அம்புட்டுத்தான் தம்பி, ஒரு இருமல் கிளம்புச்சு பாருங்க, ரசம் மூக்கு வழியா வருது. கன்னத்துல ஒதுக்கி வச்சிருந்த சோறு பூராத்தையும் துண்டுல துப்பிட்டு, துண்டைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போறாரு. என் பங்காளி ஒருத்தன் எல்லாருக்கும் கேக்குற மாதிரி, என்னப்பா உன் சம்பந்தி காறித் துப்பிட்டுப் போறாருங்கிறான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த இடத்துலயே செத்துறலாம்னு இருந்துச்சு.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். அரசி இங்கயே இருக்கட்டும். உங்கப்பா வந்து என் வீட்டுல உக்காந்து, முழுச் சாப்பாடு சாப்பிட்டு, இலையை மடிச்சுட்டுக் கூட்டிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீகன்னு. அந்தப் பையன் ஒண்ணும் புரியாம முழிக்கிறான். அரசி அழுகுறா, அப்பா அவருக்கு முடியாதுப்பா, நான் சொன்னேன்லங்கிறா. நீ வாயை மூடுன்னுட்டேன். தவமணி என்கூடப் பேசுறதை நிறுத்திட்டா. சோறு மட்டும் வைப்பா. என் வீட்டுலயே எனக்கு ஆளில்லை. அந்த ஆளு ஒரு வாய் சோத்தைத் துப்பி என் வீட்டை ரெண்டாக்கிட்டாரு.

மாசி பொறந்து ஒரு நா, ஆத்தாளும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தாக. மத்தியானப் பந்தி முடிஞ்சு, சப்ளையருக எல்லாம் மாடில படுத்துட்டாக. நான் பாதி ஷட்டரை இறக்கிட்டு உக்காந்திருக்கேன். குனிஞ்சு உள்ள வர்றாரு, சம்பந்தி. தனியா. சட்டை தொளதொளன்னு தொங்குது. கழுத்துல காலரு வட்டமா விலகி நிக்குது. ஆளு பாதியா ஆயிருந்தாரு.

வாங்கன்னேன். உக்காந்தாரு. அப்புறம் அந்தக் கொழகொழ குரல்ல சொன்னாரு, "இலை போடுங்க சம்பந்தி. புள்ளைக ரெண்டும் நல்லா இருக்கணும்."

போட்டேன். எனக்கு எதுக்குப் பொய்? சந்தோசமாத்தான் இருந்துச்சு. கடைசில வழிக்கு வந்தாரேன்னு. மெதுவாத்தான் சாப்பிடுவேன், நேரமாகும், பரவாயில்லையான்னு கேட்டாரு. எம்புட்டு நேரமானாலும் உக்காந்திருப்பேன்னேன். எதுக்கவே சேரைப் போட்டுக்கிட்டேன்.

குழம்புச் சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு, சின்னச் சின்னதா, குனிஞ்சு குனிஞ்சு உள்ள தள்ளுனாரு. நெத்தியெல்லாம் வேர்க்குது. சுக்காவை ஓரமா ஒதுக்கி வச்சிருந்தாரு. எங்க கடைக்கு அதுதான் பேரே. கறியைத் தள்ளி வச்சா அது என்ன சாப்பாடு சம்பந்தின்னு கேட்டேன். தலையைத் தூக்கி என்னைப் பாத்தாரு. ஒரு துண்டை எடுத்து வாயில வச்சாரு. மென்னாரு, மென்னாரு, அம்புட்டு நேரம் மென்னாரு. நான் ரசத்தை ஊத்துனேன். கறியோட ரசத்தையும் சேத்து முழுங்குனாரு.

புரை ஏறிருச்சு. சாதாரணப் புரை இல்லை. சத்தமே வரல முதல்ல. மேசையைப் பிடிச்சுக்கிட்டாரு, கண்ணு ரெண்டும் பிதுங்குது, உதடு கறுத்துப் போச்சு. நான் எந்திரிச்சு உச்சியில தட்டு தட்டுன்னு தட்டுனேன். முதுகுல ரெண்டு அடி அடிச்சேன். அப்புறம் கரகரன்னு இருமல் வந்துச்சு. தண்ணி கொடுத்தேன், அதுக்கும் இருமுனாரு. ஒரு வழியா அடங்குச்சு. சரியாப் போச்சு சம்பந்தின்னு கையைக் காட்டுனாரு. மூச்சு விடும்போது மட்டும் உள்ளுக்குள்ள விசிலு மாதிரி ஒரு சத்தம், மெல்லிசா. அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. மிச்சச் சோத்தையும் சாப்பிட்டாரு தம்பி. சாப்பிட்டு, இலையைத் தன் பக்கமா மடிச்சாரு. மடிச்சுட்டு என்னைப் பாத்து, சரிதானான்னு கேக்குற மாதிரி தலையை ஆட்டுனாரு. சரிதான்னேன். அந்த இலையை நானே எடுத்துப் போட்டேன்.

சாயந்தரம் அரசி வந்தா. மாமனாரைப் பாத்ததும் பதறிப் போய், மாமா நீங்க இங்க ஏதும் சாப்பிட்டீகளான்னுதான் முதல்ல கேக்குறா. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அவரு சொல்றாரு, "காபி குடிச்சோம்மா, அம்புட்டுத்தான். எல்லாம் பேசித் தீத்துக்கிட்டோம். உங்கப்பன் தங்கமான மனுசன், கிளம்பு போகலாம்." சொல்லிட்டு என்னைப் பாக்குறாரு. நானும் ஒண்ணும் சொல்லல.

இதுதான் தம்பி எனக்கு இன்னைவரைக்கும் பிடிபடாதது. முழு இலைச் சாப்பாட்டைச் சாப்பிட்ட ஆளு எதுக்குக் காபின்னு சொல்லணும்? ஊரறியச் சாப்பிட்டேன்னு சொன்னாத்தானே உறவு நின்னுச்சுன்னு ஆகும்? ஒரு வருசமா சாப்பிடாம இருந்து அவமானப்படுத்துனாரு, சாப்பிட்டபிறகு சாப்பிடலன்னு சொல்லி அவமானப்படுத்துறாரு. இல்லை, என் பொண்ணு முன்னாடி எனக்காகவா அப்படிச் சொன்னாருன்னும் யோசிச்சுப் பாத்தேன். எனக்கு எதுக்கு அவரு சொல்லணும்? நான் என்ன தப்புப் பண்ணேன்? சோறு போட்டேன்.

ஒரு வாரம் ஆகல, காய்ச்சல். மூச்சு முட்டித் தேனிக்குத் தூக்கிட்டு வந்திருக்காக. அரசி போன்ல எல்லாம் சொன்னா. முன்னாடி எப்பவோ மூளையில சின்னதா ஒரு அடைப்பு வந்திருக்காம், ஒருத்தருக்கும் தெரியாமலேயே. அதுல தொண்டை நரம்பு தளந்துபோச்சாம். முழுங்குறது பாதி மூச்சுக்குழாய்க்குள்ள போயிருதாம். தண்ணி மாதிரி இருக்குறதுதான் சட்டுன்னு தப்பிப் போகுமாம், கெட்டியா இருந்தா கொஞ்சம் சமாளிக்கலாமாம். அப்படிப் போய்ப் போய்த்தான் நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாம். முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா முழுங்குறதுக்குப் பழக்கம் சொல்லிக் கொடுத்திருப்பாகளாம். இப்ப மூக்குல குழாய் வச்சு ஊத்துறாகளாம். வாயில தண்ணிகூடக் கொடுக்கக் கூடாதாம். பேச முடியல, பாதி மயக்கம். அதுபோக நெஞ்சுல ஒரு பக்கம் காத்தே போகலையாம். அது எதனாலன்னு டாக்டருக்கு ஓடலையாம்.

டாக்டர் கேக்குறாராம், எப்ப இருந்து இப்படி, முதல்ல தண்ணியா சோறா, சாப்பிட்டதும் குரல் மாறுச்சா, கன்னத்துல ஒதுக்குவாரான்னு. மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியல. அரசி சொல்றா, "அப்பா, மாமா சாப்பிடுறதை ஒவ்வொரு வாயாப் பாத்தது நீங்கதான். குறையாச் சொல்லிக்கிட்டே இருப்பீகல்ல, அதை அப்படியே வந்து டாக்டர்கிட்ட சொல்லுங்க."

யோசிச்சுப் பாருங்க. ஒரு வருசமா நான் சொன்னப்ப ஒருத்தரும் காது கொடுத்துக் கேக்கல. இப்ப என் வாயால சொல்லணுமாம். பக்கத்துல யாரு உக்காந்து கேப்பாகளோ, என்னத்தை எழுதிக்குவாகளோ. நாளைக்கு அந்த ஆளுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, சோறு போட்டவன் இவன்தான்னு என் பக்கம் திருப்பி விட எவ்வளவு நேரமாகும்?

இருங்க தம்பி, அரசிதான் கூப்பிடுறா.

சொல்லும்மா. வந்துக்கிட்டுத்தான் இருக்கேன், கணவாய்ல வண்டி பஞ்சரு. எப்படி இருக்காரு? ம். ம். என்னது? யாரு பக்கத்துல? டாக்டரா? ம். அன்னைக்கா? அதான் அவரே சொன்னாரேம்மா. காபிதான். ஆமா. காபி மட்டும்தான். நான் எதுக்கு மாத்திச் சொல்லப் போறேன்? சரி. சரி, வையி.

பாத்தீகளா, எப்படிக் கேக்குறான்னு. பக்கத்துல டாக்டர் நிக்குறாராம். கறி, எலும்பு, துண்டா ஏதாச்சும் சமீபத்துல சாப்பிட்டு அடைச்சுதான்னு கேக்குறாராம். அப்படி ஏதும் இருந்தா உடனே கேமரா வச்ச குழாயை நெஞ்சுக்குள்ள விட்டு எடுத்துரணுமாம். இல்லைன்னா, உடம்பு இருக்குற நெலைமைக்கு அந்தக் குழாயை விட்டுத் தொந்தரவு பண்ண வேண்டாம், மருந்துலயே பாப்போம்கிறாராம். காபிதான்னு சொன்னதும் அரசிக்கு உசுரே வந்த மாதிரி, நல்லவேளைப்பான்னு வச்சுட்டா. நானா தம்பி காபின்னு முதல்ல சொன்னது? அவரு வாயால சொன்னதைத்தானே நானும் சொன்னேன்.

என்ன தம்பி, என்னை அப்படிப் பாக்குறீக. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லுங்கன்னா எப்படி? நீங்க சின்ன ஆளு, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. இப்பப் போய் மாத்திச் சொன்னா, ஏன் முதல்ல சொல்லலன்னு கேப்பாகல்ல? என் பொண்ணு என் மூஞ்சில முழிப்பாளா?

எந்த ஆஸ்பத்திரின்னு எதுக்குக் கேக்குறீக? நான் தேனின்னு மட்டும்தானே சொன்னேன். நீங்க எந்த ஊரு? சின்னமனூரா? நான் ஏறும்போதே இந்த சீட்டு காலியா இருந்துச்சு, நீங்கதான் நகந்து இடம் விட்டீக. அவுக ஆளா நீங்க?

வாழைக்காய் மண்டி நம்பர் உங்ககிட்ட எப்படி வந்துச்சு? செல்லுல தேடுனா வந்துருமா? மண்டில கேட்டா மாப்பிள்ளை நம்பரைக் கொடுத்துருவாகளா? வேண்டாம் தம்பி. அது எங்க குடும்ப விசயம். கையை விடுங்க. இறங்கி எங்க போறீக, வண்டி கிளம்பப் போகுது. தம்பி, யாருக்குப் போன் போடுறீக?